கேம் குள்ளருக்கும் மனசு உண்டு!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பெரும்பாலான வீடுகளில் முதலில் திறக்கப்படுவது கேம்ஸ்தான். பிள்ளைகள் கார் ஓட்டுவார்கள். பெரியவர்கள் சாலிட்டேரில் சீட்டு அடுக்குவார்கள். சண்டை கேம் என்றால் திரையின் மூலையில் உயிரைக் காட்டும் ஒரு கோடு இருக்கும். அடி பட்டால் கோடு குறையும். மருந்துப் பெட்டியைத் தொட்டால் மீண்டும் ஏறும். பக்கத்தில் நின்ற நண்பன் செத்து விழுந்தாலும் நம் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த நொடியே துப்பாக்கியைத் தூக்கிக் கொண்டு ஓடுவார்.

அப்படி ஓட முடியாத ஆட்கள் நிறைந்த ஒரு கேமை இந்த மாதம் அறிமுகம் செய்கிறேன். இதில் வரும் பாத்திரங்கள் கண்ணால் கண்ட கோரத்தை எளிதில் மறப்பதில்லை. மழையில் நனைந்தால் எரிச்சல் அடைவார்கள். நண்பரை இழந்தால் துக்கப்படுவார்கள். துக்கம் முற்றினால் நிலைகுலைந்து போவார்கள். அவர்களைத் தேற்றி எடுப்பது கேம் ஆடுபவரின் பொறுப்பு.

நான் திருவொற்றியூரில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகள், துறைமுகத்திலும் மணலி, எண்ணூர் ஆலைகளிலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் எனப் பலரும் வருகிறார்கள். மவுஸ் பிடிக்கப் பழகியவர்களுக்கு இந்தக் கேமைத் திறந்து காட்டுவது என் வழக்கம். மனம் எப்படிக் காயப்படுகிறது, எப்படி ஆறுகிறது என்பதை இவ்வளவு விரிவாகக் காட்டும் கேம்கள் மிகக் குறைவு. எங்கள் பகுதிக்கு அது மிகவும் தேவையான பாடம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் கேமைப் பார்ப்போம்.

என்ன கேம் இது?

இதன் பெயர் டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ். தமிழில் ‘குள்ளர் கோட்டை’ என்று வைத்துக் கொள்ளலாம். ஐரோப்பியக் கதைகளில் மலையைக் குடைந்து வாழும் குள்ளர்கள் வருவார்கள் அல்லவா? அவர்கள்தான் இதில் பாத்திரங்கள். டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற இரு அமெரிக்கச் சகோதரர்கள் 2002-இல் இதை எழுதத் தொடங்கினார்கள். முதல் பதிப்பு 2006 ஆகஸ்டில் வெளியானது. புரோகிராம் எழுதும் டார்ன், கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

பல ஆண்டுகள் இந்தக் கேமில் படங்களே கிடையாது. கீபோர்டில் உள்ளது போன்ற எழுத்துகளும் குறிகளும்தான் மலையாகவும் மனிதராகவும் நின்றன. அப்படி இருந்தும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் தன் சேகரிப்புக்குத் தேர்ந்தெடுத்த முதல் 14 வீடியோ கேம்களில் இதுவும் இடம் பிடித்தது. வண்ணப் படங்களும் மவுஸ் வசதியும் கொண்ட பதிப்பு 2022 டிசம்பர் 6-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது.

ஆட்டம் இதுதான். 7 குள்ளர்களுடன் ஒரு காட்டில் இறங்குகிறீர்கள். மலையைத் தோண்டி, அறை கட்டி, பயிர் வைத்து ஒரு கோட்டையை உருவாக்க வேண்டும். பேர் பரவப் பரவப் புதிய குடும்பங்கள் வந்து சேரும். எதிரிகளும் வருவார்கள். குள்ளர்களை நீங்கள் நேரடியாக நடத்திச் செல்ல முடியாது. ‘இங்கே தோண்டு’, ‘அங்கே கட்டில் போடு’ என்று உத்தரவு கொடுக்கலாம். யார் செய்வது, எப்போது செய்வது என்பதை அவர்களே பார்த்துக் கொள்வார்கள். மனம் சரியில்லாதவர் வேலைக்கு வராமலும் இருந்துவிடுவார்.

எங்கே கிடைக்கும்?

இரண்டு வகை உண்டு. கிளாசிக் எனப்படும் எழுத்து வடிவப் பதிப்பு இலவசம். பே 12 கேம்ஸ் என்ற, சகோதரர்களின் சொந்த வெப்சைட்டில் கிடைக்கும். படங்கள் உள்ள பதிப்பை ஸ்டீம் என்னும் ஆன்லைன் கடையில் பணம் கட்டி வாங்க வேண்டும். முதலில் இலவசப் பதிப்பைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் மற்றதை வாங்குங்கள். வேறு வெப்சைட்டுகளில் ‘இலவச முழுப் பதிப்பு’ என்று வருவதைத் தொடாதீர்கள். கேமுடன் வைரஸும் சேர்ந்து வரலாம்.

இலவசப் பதிப்பு ஜிப் ஃபைலாக இறங்கும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ கொடுங்கள். புதிய ஃபோல்டர் ஒன்று உருவாகும். அதற்குள் இருக்கும் கேம் ஐக்கானை டபுள் கிளிக் செய்தால் போதும். தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. 4 ஜிபி ராம் உள்ள சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்.

முதலில் ‘கிரியேட் நியூ வேர்ல்ட்’ என்பதைக் கிளிக் செய்து ஓர் உலகத்தை உருவாக்க வேண்டும். உலகத்தின் அளவைச் சிறியதாகவும் வரலாற்றைக் குறுகியதாகவும் வையுங்கள். கம்ப்யூட்டர் திணறாது. கேம் முழுவதும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தெரியாத சொல் வந்தால் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். ஆட்டம் அப்படியே நிற்கும். அகராதியைப் பார்த்துவிட்டு மீண்டும் தட்டினால் தொடரும்.

மனதை எங்கே பார்ப்பது?

ஏதாவது ஒரு குள்ளரின் மேல் கிளிக் செய்யுங்கள். அவரைப் பற்றிய ஒரு பெட்டி திறக்கும். அதில் பல டேப்கள் இருக்கும். நமக்கு வேண்டியவை இரண்டு.

1. தாட்ஸ்: அண்மையில் என்ன நடந்தது, அதனால் அவர் என்ன உணர்ந்தார் என்பது இங்கே வாக்கியங்களாக இருக்கும். நல்ல சாப்பாட்டு மேஜையைப் பார்த்து மகிழ்ந்தார், நண்பருடன் பேசி நிம்மதி அடைந்தார், பிணத்தைப் பார்த்து நடுங்கினார் என்ற மாதிரி வரும். மெமரீஸ் என்ற பகுதியும் இதற்குள்தான் இருக்கிறது.

2. பெர்சனாலிட்டி: அவருடைய சுபாவம். எளிதில் பதறுகிறவரா, தைரியசாலியா, தனிமை விரும்பியா என்று தெரியும். அவருக்கு என்ன தேவை என்பதும் இங்கே இருக்கும். ஒருவருக்குச் சாமி கும்பிட வேண்டும். இன்னொருவருக்குக் குடும்பத்தோடு இருக்க வேண்டும். வேறொருவருக்குக் கையால் எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும்.

திரையின் மேல் பக்கத்தில் சின்னச் சின்ன முகங்கள் வரிசையாக இருக்கும். சிவந்த முகம் மன அழுத்தத்தில் இருப்பவர். பச்சை முகம் மகிழ்ச்சியாக இருப்பவர். எந்த முகத்தில் எத்தனை பேர் என்று எண் காட்டும். ஊரின் மனநிலையை ஒரே பார்வையில் சொல்லும் மீட்டர் இது.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

ஒரு சம்பவம் நடந்தால் அது எல்லாரையும் ஒரே அளவில் தாக்காது. என் கோட்டையில் ஒரு முறை எதிரிகள் வாசல்வரை வந்து, காவலர் ஒருவர் இறந்துபோனார். அதை 3 பேர் பார்த்தார்கள். இறந்தவரின் தோழி சமையல்காரி. அவர் துக்கத்தில் ஆழ்ந்தார். சுரங்கம் தோண்டுகிறவர் இயல்பிலேயே பதறுகிறவர். அவர் அஞ்சி நடுங்கினார். மூன்றாமவர் பழைய போர்வீரர். அவரிடம் பெரிய மாற்றம் இல்லை. சம்பவம் ஒன்றுதான். உறவும் சுபாவமும் சேர்ந்து அதை மூன்று விதமான உணர்ச்சியாக மாற்றிவிட்டன. இந்த உணர்ச்சிகள்தான் மன அழுத்தக் கணக்கில் ஏறுகின்றன அல்லது இறங்குகின்றன.

அடுத்தது நினைவு. சின்ன விஷயங்கள் மறந்துவிடும். வலுவான உணர்ச்சியோடு வந்தவை நினைவில் தங்கும். கேமின் கணக்கில் ஓராண்டு தாண்டியும் நிலைத்தவை நீண்டகால நினைவாக மாறும். பிறகு அவர் சும்மா நடந்து போகும்போது, கல் உடைக்கும்போது அந்த நினைவு திரும்ப வரும். வரும் ஒவ்வொரு முறையும் அன்று உணர்ந்த துக்கமோ பயமோ மறுபடியும் கணக்கில் ஏறும். சில நினைவுகள் சுபாவத்தையே நிரந்தரமாக மாற்றிவிடும். சிரித்துப் பேசியவர் சிடுசிடுப்பவராகலாம். நல்ல நினைவுகளும் இதே வழியில் வேலை செய்கின்றன என்பதை மறக்க வேண்டாம். குழந்தை பிறந்த நாள் நினைவுக்கு வந்தால் அழுத்தம் இறங்கும்.

அழுத்தம் முற்றினால் சிலர் கண்ணில் பட்டதை உடைப்பார்கள். சிலர் மூலையில் உட்கார்ந்து அழுவார்கள். சிலர் எதையும் கவனிக்காமல் தள்ளாடித் திரிவார்கள். உடைப்பவர் இன்னொருவரை அடித்துவிட்டால், அடிபட்டவரின் குடும்பம் துக்கப்படும். அவர்களில் ஒருவர் வெடிப்பார். இப்படியே ஒருவர் மாற்றி ஒருவராக ஊரே அழிந்த கதைகளை இந்தக் கேமை ஆடியவர்கள் நிறையச் சொல்வார்கள். எதிரியே வராமல் துக்கத்தாலேயே விழுந்த கோட்டைகள் அவை.

சிகிச்சை முறைகள்

முகங்கள் சிவக்க ஆரம்பித்ததும் நீங்கள் செய்ய வேண்டியவை:

1. நிறுத்திப் படியுங்கள்: ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்துங்கள். சிவந்த முகம் உள்ளவரைக் கிளிக் செய்து தாட்ஸ் டேபைப் படியுங்கள். எதனால் வந்தது என்று தெரியாமல் மருந்து தேடிப் பயனில்லை.

2. காரணத்தை அகற்றுங்கள்: வழியில் பிணம் கிடந்தால் கடந்து போகிற ஒவ்வொருவரும் அதைப் பார்ப்பார்கள். சவப்பெட்டி செய்து, கல்லறைக்கு என ஒரு ஜோன் ஒதுக்கி, அடக்கம் செய்யுங்கள்.

3. உடல் கிடைக்காதவருக்கு நினைவுக் கல் வையுங்கள்: ஆற்றில் போனவரின் உடல் கிடைக்காமல் போகலாம். அடக்கம் செய்யப்படாதவர் ஆவியாக வந்து மற்றவர்களை அலைக்கழிப்பார் என்பது கேமின் விதி. கல் பலகையில் அவர் பெயரைச் செதுக்கி ஓரிடத்தில் நட்டால் அமைதி அடைவார்.

4. ஓய்வு கொடுங்கள்: காவல் படையில் உள்ளவர் ஓயாமல் பயிற்சியிலேயே இருந்தால் அவருடைய மற்ற தேவைகள் எதுவும் நிறைவேறாது. படையின் அட்டவணையில் அவரைப் பணியில் இல்லாதவராக மாற்றி வையுங்கள்.

5. கூடும் இடம் கட்டுங்கள்: கோயில், சத்திரம், நல்ல சாப்பாட்டுக் கூடம், ஆளுக்கு ஒரு படுக்கையறை. இவை ஒவ்வொன்றும் சின்னச் சின்ன நிம்மதியைத் தரும். அருவிச் சாரல் பட்டால்கூடக் குள்ளர்கள் மகிழ்வார்கள். ஒரு பெரிய விருந்து செய்யாததைத் தினமும் கிடைக்கும் சின்ன நிம்மதிகள் செய்யும்.

6. கேட்க ஓர் ஆள் வேண்டும்: இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மன அழுத்தம் உள்ள குள்ளர் ஊர்த் தலைவரைத் தேடிப் போய் அழுவார். அல்லது கத்துவார். தலைவர் உட்கார்ந்து கேட்பார். அவ்வளவுதான். அதனாலேயே வந்தவரின் பாரம் கொஞ்சம் குறையும். தலைவருக்கும் ஆறுதல் சொல்லும் திறமை படிப்படியாக வளரும். தலைவருக்குத் தனி அலுவலக அறை கட்டிக் கொடுங்கள். வேறு வேலைகளை அவர் தலையில் கட்டாதீர்கள். அவருக்கு நேரம் இருந்தால்தான் கேட்க முடியும்.

இவை எல்லாம் செய்தாலும் மறுநாளே முகம் பச்சையாகிவிடாது. என் கோட்டைச் சமையல்காரி தேறி வரக் கேம் கணக்கில் ஒன்றரை ஆண்டு பிடித்தது.

எங்கள் கடற்கரையில்

இனி நான் முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் எங்கள் கரை, ஒன்றன் பின் ஒன்றாகப் பல அடிகளை வாங்கியது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிறு காலை சுனாமி வந்தது. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி எழுந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தேதியைக் கவனியுங்கள். அது சுனாமி நினைவு நாள்.

படகுக்கு நஷ்டக் கணக்கு எடுத்தார்கள். வலைக்கு எடுத்தார்கள். மனதுக்கு எடுக்கத் தாட்ஸ் டேப் எதுவும் நம்மிடம் இல்லை. ஆனால் அறிகுறிகள் தெரியத்தான் செய்கின்றன. லேசான கேஸ் வாசம் வந்தாலும் வகுப்பைவிட்டு எழுந்து வெளியே போய் நிற்கும் பிள்ளை ஒன்று எங்கள் வகுப்பில் இருந்தது. அலைச் சத்தம் கூடினால் இரவெல்லாம் தூங்காத பெரியவர்களை எல்லாக் குப்பத்திலும் பார்க்கலாம். பழைய நினைவு திரும்ப வந்து அன்றைய பயத்தை இன்று ஏற்றுகிறது. கேமில் நாம் பார்த்த அதே கணக்கு.

கேமின் நினைவுக் கல்லும் எங்களுக்குப் புதிதல்ல. கடலுக்குப் போனவர் திரும்பாமல், உடலும் கிடைக்காமல் போனால், அந்த வீட்டில் அழவும் முடியாது, ஆறவும் முடியாது. அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இதற்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயர் வைத்தார். 7 ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்கிறது இந்தியச் சட்டம். மனது அப்படித் தேதி பார்த்து முடிவு செய்வதில்லை. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று காசிமேட்டில் மக்கள் கடலில் பால் ஊற்றிப் பூத் தூவுகிறார்கள். அதை வெறும் சடங்கு என்று நான் நினைக்கவில்லை. பெயர் செதுக்கிய கல் செய்யும் வேலையை அது செய்கிறது.

கேட்க ஓர் ஆள் வேண்டும் என்ற ஆறாவது முறைக்கும் இங்கே சான்று உண்டு. சென்னையில் 1986-இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். சுனாமியில் உறவுகளை இழந்தவர்களுக்குப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் கொடுத்த மன ஆதரவு பலன் தந்ததா என்று அவர் ஆராய்ந்தார். முடிவு 2008-இல் வெளியானது. ஆதரவு கிடைத்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. அந்தத் தொண்டர்கள் டாக்டர்கள் அல்லர். கேட்கப் பழகிய சாதாரண மனிதர்கள்.

கேம் எங்கே தவறுகிறது?

இந்தக் கேமைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது நான் நான்கு விஷயங்களைக் கட்டாயம் சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லுங்கள்.

முதலாவது, மது. குள்ளர்களுக்குச் சாராயம் மருந்து மாதிரி வேலை செய்யும். குடிக்காவிட்டால் அவர்களுக்கு வேலையே ஓடாது. நிஜத்தில் நேர்மாறு. துக்கத்துக்குக் குடிப்பவருக்குத் தூக்கம் கெடும், மனச்சோர்வு கூடும், வீட்டில் இன்னொருவருக்குக் காயம் ஏற்படும். உழைத்துக் களைத்து வீடு திரும்புபவர்கள் நிறைந்த எங்கள் பகுதியில் இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மரத்துப் போவது. பல மரணங்களைப் பார்த்த குள்ளர் ஒரு கட்டத்தில் எதையும் பொருட்படுத்தாதவர் ஆகிவிடுவார். கேம் ஆடுபவர்களுக்கு இது லாபம். அவர் இனி உடைய மாட்டார். எங்கள் ஊரில் இதற்குப் ‘பழகிப் போச்சு’ என்று பெயர். சைரன் சத்தமா? பழகிப் போச்சு. எண்ணெய் நாற்றமா? பழகிப் போச்சு. மனநல மருத்துவம் இதை நலம் என்று எடுத்துக் கொள்வதில்லை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு உணர்ச்சி மரத்துப் போவதும் ஓர் அறிகுறிதான். பிள்ளையின் சிரிப்பும் மனதைத் தொடாத அளவுக்கு ஒருவர் மரத்துப் போயிருந்தால் அவருக்கு உதவி தேவை.

மூன்றாவது, வெளியேற்றுவது. துக்கப்படுகிறவரைக் கோட்டையைவிட்டே அனுப்பிவிடும் வசதி கேமில் உண்டு. பலர் அதைத்தான் செய்கிறார்கள். வேலை கெடக்கூடாதே என்ற எண்ணம். குள்ளர் விஷயத்தில் அது ஒரு கிளிக். நிஜ வாழ்வில் வேலையைவிட்டு நிறுத்துவதும், வீட்டில் ஓர் அறையில் ஒதுக்கி வைப்பதும், கோயில் வாசலில் விட்டுவிட்டு வருவதும் அந்த கிளிக்கின் வேறு வடிவங்கள்தான்.

நான்காவதுதான் மிக முக்கியம். ஓர் எல்லைக்கு மேல் மனம் பிறழ்ந்த குள்ளரைக் கேமில் குணப்படுத்தவே முடியாது. கேமில் மருத்துவமனை கட்டலாம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடலாம், காயத்துக்குத் தையல் போடலாம். மனதுக்கு அங்கே கட்டில் கிடையாது. இது கேம் எழுதியவர்கள் வைத்த விதி. மருத்துவ உண்மை அல்ல. நிஜத்தில் தீவிர மனநோய்க்கும் சிகிச்சை உண்டு. மருந்தும் பேச்சு சிகிச்சையும் குடும்ப ஆதரவும் சேர்ந்தால் பலர் வேலைக்கும் வீட்டுக்கும் திரும்புகிறார்கள். கேமைப் பார்த்துவிட்டு ‘அவ்வளவுதான், இனி தேறாது’ என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனதில் விழுந்துவிடக் கூடாது.

நிஜத்தில் எங்கே போவது?

வடசென்னைக்காரர்களுக்கு அருகில் இருப்பது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கப்பட்ட பழமையான நிறுவனம். பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். புறநோயாளியாகச் சென்று பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்புபவர்களும் அங்கே வருகிறார்கள்.

நேரில் போகத் தயக்கமா? போனில் 14416 என்ற எண்ணை அழுத்துங்கள். டெலி மானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபர் 10-ஆம் தேதி நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் யாருக்காவது வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்திலேயே அழையுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அரசு செலவில் நடக்கும் மனநலச் சேவைகளைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அது. உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்றும் சொல்கிறது.

பார், கேள், இணை

பேரிடர் நேரத்தில் உதவப் போகிறவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2011-இல் ஒரு கையேடு வெளியிட்டது. அது சொல்லும் முறையை மூன்று சொற்களில் அடக்கிவிடலாம். பார், கேள், இணை. யாருக்கு உதவி வேண்டும் என்று பார். வற்புறுத்தாமல் அவர் சொல்வதைக் கேள். உணவு, குடும்பம், மருத்துவர் என அவருக்குத் தேவையானதோடு இணைத்து விடு.

இதைப் படித்தபோது எனக்குக் கேம்தான் நினைவுக்கு வந்தது. முகங்களின் வரிசையைப் பார்க்கிறோம். தலைவரைக் கேட்கச் சொல்கிறோம். கோயிலோடும் நண்பரோடும் இணைக்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. குள்ளரின் மனதைக் கிளிக் செய்து படித்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரின் மனதைப் படிக்க முடியாது. ‘எப்படி இருக்கீங்க, ராத்திரி தூக்கம் வருதா?’ என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சொல்ல விரும்பாவிட்டால் அங்கேயே நிறுத்திக் கொள்ளவும் தெரிய வேண்டும். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வது ஆறுதல் அல்ல.

ஓர் எச்சரிக்கை

இந்தக் கேம் நேரத்தை விழுங்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று முன்பே முடிவு செய்து கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். கட்டுப்பாடு இழந்து, படிப்பும் வேலையும் கெடும் அளவுக்கு நீண்ட காலம் கேம் ஆடுவதை உலக சுகாதார நிறுவனமே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அண்மையில் பேரிழப்பைச் சந்தித்தவர்களுக்கு இந்தக் கேமை நான் சிபாரிசு செய்வதில்லை. சாவும் பிணமும் இதில் நிறைய வரும். அவர்களுக்குச் சாலிட்டேரே போதும்.

மற்றவர்கள் முதல் நாள் பெரிய கோட்டை எதுவும் கட்ட வேண்டாம். 7 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒரு முறை ஆட்டத்தை நிறுத்தி, அவருடைய தாட்ஸ் டேபை மட்டும் படியுங்கள். எது அவரைச் சிரிக்க வைத்தது, எது தூங்கவிடவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வெளியே வரும்போது மறக்காமல் ஸேவ் செய்துவிடுங்கள். மறுநாள் திறந்தால் அவர் விட்ட இடத்திலிருந்து, அதே நினைவுகளோடு, வேலைக்குக் கிளம்பி நிற்பார்.